சரளைப் பாதையில் ஐந்து நாள்: ஓஸேர் முதல் தெசீஸ் வரை

மகள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீர்க் குழாயின் அடியில் நீட்டியபடி நின்றிருந்தாள். பிரான்ஸின் தெற்கே த்ரேப் என்ற சிற்றூர், இரவு ஒன்பது மணி. அன்று காலை காஸ்தெல்நோதரியில் சைக்கிளில் புறப்பட்டபோது, 80 கிலோமீட்டர் தள்ளி ஓம்ஸ் என்ற ஊரில் அறை எடுத்து முன்பணமும் கட்டியிருந்தேன். 53 கிலோமீட்டரிலேயே இருட்டிவிட்டது. ஹேண்டில்பார் அதிர்ந்த அதிர்ச்சியில் அவள் கைகள் சிவந்து, விரல்கள் மடங்க மறுத்தன. அப்போது அவளுக்கு 16 வயது.

நாங்கள் சென்றது கனால் து மிதி என்ற புகழ்பெற்ற கால்வாயின் கரை. பியேர்-போல் ரிக்கே 1666-இல் எடுத்த வேலை. 1681-இல் கால்வாயைத் திறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். யுனெஸ்கோ 1996-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இத்தனையும் படித்துவிட்டுத்தான் போனேன். படிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: தரை எப்படி இருக்கும்?

துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் வழவழப்பான தார்ப்பாதை. அதில் போன வேகத்தை வைத்தே மறுநாளுக்கும் கணக்குப் போட்டேன். மாவட்ட எல்லையை ஒட்டித் தார் முடிகிறது. அதற்கப்பால் மண்பாதை. அந்த மண்ணுக்குள்ளிருந்து கரையோர பிளேன் மரங்களின் வேர்கள் கட்டைவிரல் பருமனிலும் தொடைப் பருமனிலும் குறுக்கே எழும்பி நின்றன. எங்கள் டயர்களோ 28 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொரு வேரும் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டியது. மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. இப்போது அந்தக் கரையைத் துண்டு துண்டாகச் செப்பனிட்டு வருகிறார்கள். அன்றைக்கு அது அப்படித்தான் இருந்தது. கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். கேட்காதது என் தவறு.

மூன்று ஆண்டுகள் கழித்து அவளே மீண்டும் போகலாம் என்றாள். இந்த முறை பூர்கோஞ் பகுதியில் நிவெர்னே கால்வாய், ஓஸேர் முதல் தெசீஸ் வரை. கரையோரமாகவே சென்றால் சுமார் 175 கிலோமீட்டர். செப்டம்பர் மாதம், ஐந்து நாள். பாரிஸின் புறநகரில் இருக்கும் எங்களுக்கு ரயில் பயணம் இரண்டு மணி நேரம்தான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டோம்.

அந்த இரண்டு வார வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணம் நன்றாக அமைந்ததற்கு அதுவே காரணம். வழி முழுவதையும் ஐந்து ஐந்து கிலோமீட்டராகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தரையையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, வண்ணப் பென்சிலால் குறித்தோம். தார் என்றால் கருப்பு. இறுக்கிய சுண்ணாம்புச் சரளை என்றால் மஞ்சள். மேலிருந்து பார்த்தால் அது கோலப்பொடியில் இழுத்த கோடு போல வெள்ளையாகத் தெரியும். நடுவே புல் வளர்ந்து இரண்டு பக்கமும் சக்கரத் தடம் மட்டும் தெரிகிற வண்டிப்பாதை என்றால் பச்சை. வேர், கல், சேறு என்றால் சிவப்பு. சுமையோடு நாங்கள் இருவரும் போகும் வேகம் கருப்பில் மணிக்கு 18, மஞ்சளில் 15, பச்சையில் 12, சிவப்பில் 8 கிலோமீட்டர். இதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். ஒரே 45 கிலோமீட்டர், தரையைப் பொறுத்து மூன்று மணி நேரமும் ஆகும், ஐந்து மணி நேரமும் ஆகும்.

மரங்கள் மூடிய இடத்தில் மேலிருந்து பாதை தெரியாது. அதைக் காலியாக விடாதீர்கள், சிவப்பு என்றே குறியுங்கள். படத்தை எந்த மரம் மறைக்கிறதோ அதன் வேர்தான் கீழே காத்திருக்கும். தெற்கில் நான் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் பச்சைக் கூரையைப் பார்த்து நல்ல நிழல் என்று மகிழ்ந்திருப்பேன்.

வண்டிகள் வராத வழி எது என்பதையும் வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். பிரெஞ்சுச் சாலைச் சட்டத்தில் ‘வுவா வேர்த்’, அதாவது பச்சை வழி, 2004 முதல் தனி வகையாகவே இருக்கிறது. மோட்டார் இல்லாத வண்டி, நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் உரியது. இவற்றில் முதலாவது இதே பூர்கோஞ்சில் ஜிவ்ரி, குளூனி ஊர்களுக்கு இடையே மூடிய ரயில் பாதையில் 1997-இல் திறக்கப்பட்டது. கால்வாய்க் கரைப்பாதை வேறு வகை. ஒரு காலத்தில் மனிதரும் குதிரையும் படகைக் கயிறு கட்டி இழுத்து நடந்த தடம் அது. இன்றும் சில துண்டுகளில் கால்வாய்ப் பணியாளர்களின் வண்டி வரும், கரையோர வீட்டுக்காரர் கார் வரும். ஐந்து நாளில் கரையில் நாங்கள் பார்த்த மோட்டார் வண்டிகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். கரை விட்டு ஊருக்குள் போகும்போது, வரைபடத்தில் மிக மெல்லிய வெள்ளைக் கோடாக இருக்கும் கிராமச் சாலைகளைத் தேர்ந்தோம். அவற்றில் டிராக்டரைத் தவிர அதிகம் எதுவும் வராது.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வளைந்த ஹேண்டில்பாரும் அகல டயரும் உள்ள கிராவல் சைக்கிள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அகல டயர் ஏறக்கூடிய எந்த சைக்கிளும் போதும். எங்களுடையவை பழையவை, டயர் மட்டும் புதிது, 42 மில்லிமீட்டர். விலை உயர்ந்த சைக்கிளைவிடக் காற்றழுத்தத்துக்கு நேரம் ஒதுக்குங்கள் என்றே சொல்வேன். ஓஸேரில் ரயிலைவிட்டு இறங்கியதும், ஊரில் வழக்கமாக அடிப்பது போல டயரைக் கல்லாக இறுக்கி வைத்திருந்தேன். பத்து கிலோமீட்டர் போனதும் மகள் நின்றாள்.

“அப்பா, சரளை உங்கள் சக்கரத்திலிருந்து தெறிக்கிறது. கொஞ்சம் காற்றை இறக்கிப் பாருங்களேன்.”

“இறக்கினால் பெடல் கனக்கும் அம்மா.”

“தாரில் கனக்கும். இங்கே இறக்கித்தான் பாருங்கள்.”

காற்றழுத்தத்தை (அளவு ‘பார்’) முன்சக்கரத்தில் 2.2, பின்சக்கரத்தில் 2.5 வரை இறக்கினேன். என் எடை 74 கிலோ, பின்னால் பை எட்டுக் கிலோ. டயர் கல்லை எற்றிவிடாமல் அதன் மேல் அமிழ்ந்து உருளத் தொடங்கியது. பெடல் கனக்கவும் இல்லை. அன்று மாலை அவள் கைகளைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

ஓஸேரிலிருந்து கால்வாயும் யோன் ஆறும் சேர்ந்து சேர்ந்து பிரிகின்றன. சில இடத்தில் ஆறே கால்வாய்; சில இடத்தில் இரண்டும் அருகருகே, நடுவே நாணல் வளர்ந்த ஒரு மேடு. மேட்டில் திராட்சைத் தோட்டம், பிறகு செர்ரி மரங்கள், பிறகு சோசுவா என்ற இடத்தில் ஆற்றோரம் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை. அதில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதையில் எங்கள் சரளைச் சத்தமும் அவர்கள் கொக்கிகள் உரசும் சத்தமும் மட்டும்.

இந்தக் கால்வாய் விறகுக்காகத் தோண்டப்பட்டது. 1784-இல் வேலை தொடங்கி, இடையில் புரட்சி வந்து நின்று, 1840-களில்தான் முழுவதும் திறந்தது. 16-ஆம் நூற்றாண்டு முதலே பாரிஸ் நகரம் குளிர் காய்ந்தது மோர்வான் காட்டு விறகில். மரத்தை வெட்டி, உரிமையாளரின் முத்திரையைச் சுத்தியலால் கட்டையின் முனையில் அடித்து, ஓடையில் எறிந்துவிடுவார்கள். தண்ணீர் கொண்டுவந்து கிளாம்ஸி ஊரில் சேர்க்கும். அங்கே முத்திரை பார்த்துப் பிரித்து, சுமார் 70 மீட்டர் நீளத் தெப்பங்களாகக் கட்டி, ஆற்றோடு பாரிஸ் வரை மிதக்கவிட்டார்கள். கிளாம்ஸி பாலத்தின் மேல் ஒரு தெப்பக்காரரின் சிலை நிற்கிறது. அதன் அடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மனைவி கட்டிக் கொடுத்தது, இரண்டாம் நாளும் மணக்க மணக்க இருந்தது.

அதற்கு முன் ஒரு செய்தி. ஷாத்தெல்-சான்ஸ்வாருக்கு முந்தைய வளைவில், பாதையின் குறுக்கே கறுப்பாக ஏதோ ஒன்று கிடந்தது. குச்சி என்று நினைத்து மகள் அதன் மேல் ஏற்றப் போனாள். கரையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த முதியவர் இடக்கையை மட்டும் உயர்த்தினார், பேசவில்லை. அது அவருடைய தூண்டில் கோல். கார்பன் நாரால் ஆனது. துண்டு துண்டாகப் பொருத்தினால் 13 மீட்டர் வரை நீளும். மீனை இழுக்கும்போது கோலைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பாதைக்கு அப்பால் உள்ள வயல் வரை கொண்டுபோகிறார்கள். ஏற்றியிருந்தால் பல நூறு யூரோ போயிருக்கும், மீனும் போயிருக்கும். அதன் பிறகு கரையில் பெட்டியும் குடையும் தெரிந்தாலே தொலைவில் மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு ‘போன்ழூர்’ சொல்லிக் காத்திருந்தோம். தூண்டில்காரர்கள் அவசரப்படுத்தப்படுவதை விரும்புவதில்லை. காத்திருந்தால் மீனைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

இனிச் சோறு, தண்ணீர். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்? மூன்றாம் வேளையிலிருந்து அந்த ஊர்க் கடைகளைத்தான் நம்ப வேண்டும். அங்கே கடைக்காரரின் நேரம் நம் பசிக்கு வளையாது. பகல் பன்னிரண்டரைக்கு அடைத்தால் இரண்டரை அல்லது மூன்று வரை திறப்பதில்லை. ஞாயிறு பிற்பகல் முழுவதும் அடைப்பு. திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகளுக்கு விடுமுறை. உணவகத்தில் பகல் சாப்பாடு வேண்டும் என்றால் ஒன்றரை மணிக்குள் நாற்காலியில் இருக்க வேண்டும். எங்கள் பயணம் சனிக்கிழமை தொடங்கியது. அதுவே ஒரு பிழை. செவ்வாய்க்கிழமை தொடங்கியிருக்க வேண்டும். திங்களன்று கொர்பிஞி அருகே ஒரு கிராமத்தில் ரொட்டிக்கடைக் கதவில் ‘இன்று இல்லை’ என்ற அட்டையைப் பார்த்து நின்றுவிட்டோம். நல்லவேளையாகச் சதுக்கத்தின் மூலையில் ரொட்டி தரும் இயந்திரம் ஒன்று இருந்தது. காசு போட்டால் பகெத் விழும். பல கிராமங்களில் இதைப் பார்க்கலாம். எந்த நேரமும் பையில் ஒரு வேளைக்கான பாலாடைக்கட்டி, வாழைப்பழம், கொட்டை வகைகள் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு ரொட்டிக்கடை திறந்திருந்தால், பசி இல்லாவிட்டாலும் வாங்கிவிடுங்கள்.

தண்ணீருக்கு அந்தக் கிராமத்துப் பாட்டி ஒருவர் வழி சொன்னார். தேவாலயத்துத் திண்ணையில் காலிக் குப்பியோடு நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, கையில் பூத்தொட்டியோடு கடந்து போனவர். “கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள், நானும் அங்கேதான் போகிறேன்” என்றார். இரும்புக் கதவைத் திறந்ததும் இடப்புறச் சுவரில் ஒரு குழாய், அதன் கீழே கல்தொட்டி, மேலே வரிசையாகப் பச்சை நிறப் பூவாளிகள். கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக வைத்தது. அவர் தன் கணவரின் கல்லறைக்குப் பூவாளியை நிரப்பியபின், குழாயை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்குத் தயக்கமாக இருந்தது. நம் ஊரில் சுடுகாட்டிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். மகள் கூச்சம் இல்லாமல் குடித்தாள். அதற்குப் பிறகு, எந்தக் கிராமத்திலும் தண்ணீர் தேடி அலையவில்லை. பிரான்ஸில் ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கல்லறைத் தோட்டம், அதில் ஒரு குழாய். ‘ஓ நோன் பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் உறைந்து வெடிக்காமல் இருக்கக் குழாயை மூடிவிடுவார்கள், அப்போது இந்த வழி பலிக்காது. கதவைத் திறந்தபடி விடாமல் சாத்திவிட்டு வாருங்கள்.

மூன்றாம் நாள்தான் இந்த வழியின் உச்சம், எல்லாப் பொருளிலும். கொர்பிஞியைத் தாண்டியதும் நிலம் எழுகிறது. கால்வாய் எப்படி மேடேறும்? இரண்டு மதகுகளுக்கு இடையே ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்மதகை அடைத்து மேல்மதகின் வழியே தண்ணீரை விட்டால் தொட்டி நிரம்பிப் படகு உயரும். பிறகு மேல்மதகைத் திறந்து அடுத்த மட்டத்துக்குப் போய்விடும். சார்தி என்ற இடத்தில் இப்படி 16 தொட்டிகள் மூன்றரைக் கிலோமீட்டருக்குள் படிப்படியாக அடுக்கியிருக்கின்றன. சைக்கிளில் போகிறவருக்கு இது பெரிய வரம். தொட்டிக்குத் தொட்டி இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம், ஒரு மூச்சில் முடிந்துவிடும். பிறகு அடுத்த தொட்டி வரை தாம்பாளம் போலச் சமதரை. குன்றின் மேல் ஏறிவிட்டோம் என்பதே திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு தொட்டிக்கும் எண்ணிட்ட ஒரு சிறு வீடு, வாசலில் செவ்வந்தி. ஒரு தொட்டியில் இளம்பெண் ஒருவர் கைப்பிடியைச் சுற்றி மதகைத் திறந்துகொண்டிருந்தார். இங்கே பலவும் இன்னும் கையால்தான் இயங்குகின்றன. இறங்கிச் சென்று உதவட்டுமா என்று கேட்டேன். எதிர்க்கரை மதகின் மரக்கையைக் காட்டினார். முதுகைக் கொடுத்துத் தள்ளினால் முதலில் அசையவே இல்லை. “தள்ளாதீர்கள், சாய்ந்திருங்கள்” என்றார். இரு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை யானை வந்தாலும் நகராது. மட்டம் ஒன்றானதும் தானாகவே விலகத் தொடங்கும். சாய்ந்து நின்றேன். உள்ளே சலசலப்பு அடங்கியது. ஒரு விரலால் தொட்டது போல மதகு என் முதுகிலிருந்து விலகிச் சென்றது. பகல் பன்னிரண்டானதும் அவர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். படகும் ஒரு மணி வரை அங்கேயே நின்றது.

மேலே லா கொலான்செல். இங்கே குன்றைக் குடைந்து மூன்று சுரங்கங்கள் வெட்டியிருக்கிறார்கள். பெரியது 758 மீட்டர். இந்தப் பக்கம் விழும் மழை யோன் வழியாகச் சேன் ஆற்றுக்குப் போகிறது, அந்தப் பக்கம் விழுவது லுவார் ஆற்றுக்கு. சுரங்கத்துக்குள் கரைப்பாதை கிடையாது. அதனால் சைக்கிள்கள் காட்டு வழியாக மேலேறி இறங்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் இது சிவப்பு. உள்ளபடியே வேரும் ஈர இலையும். இறங்கித் தள்ளினோம். ஆனால் சுரங்கங்களுக்கு இடையிலான வெட்டுப்பள்ளத்தின் விளிம்பில் கட்டாயம் நில்லுங்கள். ஈரம் சொட்டும் பாறைச் சுவர்கள், பெரணிகள், மேலிருந்து விழுதாகத் தொங்கும் கொடிகள். வெயில் நாளிலும் அங்கே காற்று கிணற்றடி போலக் குளிர்ந்திருந்தது.

இறங்கியதும் பாய் ஏரி. அங்கே ஏரிக்கரையில் தங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. ஒவ்வொரு முறை மதகு திறக்கும்போதும் உச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிக்கொண்டே இருக்கிறதே, உச்சி வற்றாதா? வற்றும். அதற்காக 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து யோன் ஆற்று நீரை ஒரு வாய்க்கால் கொண்டுவருகிறது. பன்சியேர் அணை இருக்கும் பக்கத்திலிருந்து புறப்பட்டு, குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் கரையில் ஓர் ஆள் போகும் அளவுக்குப் பாதை.

நான்காம் நாள் காலை, பைகளைத் தங்கிய வீட்டிலேயே வைத்துவிட்டு அந்த வாய்க்காலைப் பிடித்தோம். நான் இதுவரை சைக்கிள் ஓட்டிய வழிகளில் இதைவிட இதமானது இல்லை. சுற்றிலும் மேடு பள்ளமான நாடு; சாலையில் போனால் தொடை கடுக்கும். வாய்க்காலோ தண்ணீர் ஓடுகிற அளவுக்கு மட்டுமே சரிகிறது, அந்தச் சரிவுதான் நமக்கும். பெடலை மிதிக்கிறோமா என்றே தெரியவில்லை. குன்று உள்வாங்கும் இடத்தில் வாய்க்கால் உள்வாங்கும். குன்று புடைக்கும் இடத்தில் வெளியே வளையும். நூறு மீட்டருக்கு ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் மான் நிற்கலாம், நாயோடு நடப்பவர் வரலாம்; வேகம் இங்கே எடுபடாது. மணி அடித்துக்கொண்டே போனோம். தரை பாதி சரளை, பாதி புல், பீச் மரச் சருகு. மோந்த்ரெயோன் ஊருக்கு அருகே வாய்க்கால் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். சுமார் 33 மீட்டர் உயரக் கல் வளைவுகளின் மேல் தண்ணீர் காற்றில் நடந்து போகிறது. ஊருக்குள் இறங்கிக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தோம். வளைவுகளுக்கு அடியில் யோன் ஆறு, மேலே அதே யோன் ஆற்றின் தண்ணீர்.

அதோடு திரும்பிவிட்டோம், அணை வரை போகவில்லை. மகளுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அன்றிரவு ஷாத்தியோன் ஊரில் அறை. பச்சையும் சிவப்புமாகக் குறித்த துண்டுகள் மீதம் இருந்தன. த்ரேப் ஊர் இரவு நினைவிருந்தது.

ஐந்தாம் நாள் பஸுவா சமவெளி. வெள்ளை நிற ஷரோலே மாடுகள் மேயும் புல்வெளிகள், அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகள். இந்த வேலிகளில் ப்ருனெலியே என்ற முட்செடி நிறைய உண்டு. கருநீலத்தில் நாவற்பழம் போலச் சிறு பழம் காய்க்கும். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் நடுவிலிருந்து ஆகஸ்ட் 15 வரை விவசாயிகள் வேலிகளை வெட்டுவதற்குத் தடை இருக்கிறது. தடை முடிந்ததும் வெட்டத் தொடங்குவார்கள். ஆக, செப்டம்பரில் கிராமப் பாதைகளில் நறுக்கிய முட்கள் சிதறிக் கிடக்கும். இதை நான் அறிந்தது முள் ஏறிய பிறகு.

என் டயரில் டியூப் கிடையாது. உள்ளே பால் போன்ற அடைப்புத் திரவம் ஊற்றியிருந்தேன். இரண்டு சென்டிமீட்டர் முள்ளைப் பிடுங்கியதும் வெண்ணுரை கொப்பளித்து, சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் அடைந்துகொண்டது. மகளுடையது டியூப் உள்ள டயர். பஞ்சர். அவசரத்தில் புது டியூபை மாட்டிக் காற்றடித்தேன். நூறு மீட்டரில் அதுவும் போயிற்று. முள்ளின் நுனி முறிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. இந்தமுறை டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெல்ல வருடிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் சுருக்கென்றது. வெளியிலிருந்து பார்த்தால் எள்முனை அளவு கறுப்புப் புள்ளி, நகத்துக்கு அகப்படவில்லை. என் மனைவி எந்தப் பையை எடுத்தாலும் ஓரத்தில் ஓர் ஊக்கைக் குத்தித்தான் அனுப்புவாள். அந்த ஊக்கின் முனையால் கிளறி எடுத்தோம். முள்ளை முள்ளால்தான் எடுக்க முடியும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு போகிறவர்கள் டியூப் இல்லாத டயரில் போங்கள்; அது முடியாவிட்டால் மூன்று டியூபும் ஒட்டுப் பசையும் எடுத்துச் செல்லுங்கள். வேலி வெட்டிய துண்டு கண்ணில் பட்டால் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பது பஞ்சர் ஒட்டுவதைவிடச் சுருக்கமான வேலை.

இன்னும் சில. புல் உயரமான துண்டுகளைக் கடந்த மாலையில் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது பரப்பும் லைம் நோய் பிரான்ஸில் உண்டு. உண்ணி பிடுங்கும் பிளாஸ்டிக் கொக்கி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். பாதையோரம் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை இருந்தால் அங்கே வேட்டை நடக்கிறது என்று பொருள். அன்று காட்டுவழியை விட்டுக் கிராமச் சாலையில் போங்கள், எப்போதும் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். மழை பெய்து ஓய்ந்த உடனே சுண்ணாம்புச் சரளையில் இறங்காதீர்கள். ஈரச் சுண்ணாம்பு மாவு போல ஒட்டி, செயினையும் பிரேக்கையும் அரைத்துவிடும். அரைநாள் வெயில் பட்டால் இறுகிவிடும். தங்குமிடம் தேடும்போது ‘அக்கேய் வேலோ’ என்ற அடையாளத்தைப் பாருங்கள். குறியிட்ட சைக்கிள் வழியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களுக்குத்தான் அதைத் தருகிறார்கள். சைக்கிளைப் பூட்டி வைக்க அறையும் பழுதுபார்க்கக் கருவிகளும் இருக்கும். மே, ஜூன் மாதங்கள் எல்லா வகையிலும் செப்டம்பரைவிட நல்லவை என்பது என் எண்ணம்: பொழுது நீளம், முள் இல்லை, வேட்டை இல்லை.

தெசீஸில் கால்வாய் லுவார் ஆற்றில் முடிகிறது. ஆற்றின் அகலத்தைப் பார்த்து மகள் சைக்கிளைப் பாலத்துக் கைப்பிடியில் சாய்த்துவிட்டு வெகுநேரம் நின்றாள். நடுவே மணல் திட்டுகள், கொக்குகள். பிறகு ரயில் நிலையம். இங்கிருந்து நெவேர் சென்று பாரிஸ் வண்டி பிடிக்க வேண்டும். வட்டார ரயில்களில் நாங்கள் சென்றபோது சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு பெட்டியில் மாட்டும் கொக்கிகள் சில மட்டுமே. வார இறுதி மாலை வண்டியைத் தவிர்ப்பது நல்லது. பைகளை முன்பே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், வண்டி அதிக நேரம் நிற்காது.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு மேசையில் புது வரைபடம் ஒன்று விரிந்திருந்தது. மோந்த்ரெயோன் வளைவுகளிலிருந்து பன்சியேர் அணை வரை, நாங்கள் விட்டுவந்த வாய்க்கால் கரை. அவளே பென்சிலால் குறித்திருந்தாள். அணையை நெருங்கும்போது சில இடங்களில் பச்சை. நடுவில் மரங்கள் மூடி எதுவும் தெரியாத பகுதி முழுவதும் சிவப்பு.